நாற்பத்தொரு காலிக் கட்டங்கள்

“காலியா இருக்கற வரிசைய எல்லாம் தூக்கிடு தினேஸ். அத வச்சிக்கிட்டு என்னா பண்றது?” என்று சொல்லிவிட்டு ஜெயபாலன் மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்துக்கொண்டு பசியாறப் போனார்.

ஈப்போ பழைய டவுனில் ஓர் அச்சகத்துக்கு மேல்மாடியில் இருந்தது அந்த அலுவலகம். யார் கேட்டாலும் தகவல் திரட்டி, அலசி, அறிக்கை எழுதிக் கொடுப்பது அவர்கள் தொழில். முதலாளி ஜெயபாலனோடு சேர்த்து நாலே பேர். தினேஸ்வரி காம்பார் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படித்து முடித்து ஒப்பந்தத்தில் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

இந்த வேலையைக் கொடுத்தது சாப்பாட்டுக்கடைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கம் ஒன்று. ஐந்து ஊர்களில் கடைவரிசை கட்டி அங்கத்தினர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தது சங்கம். மொத்தம் நூற்றுப் பதினெட்டுக் கடை. கோவிட் வருவதற்கு முன்னால், 2019 கடைசியில், கடை கடையாகப் போய்க் கேட்டு ஒரு கணக்கு எடுத்திருந்தார்கள். ஒரு நாளைக்கு எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள், எத்தனை கிலோ அரிசி வேகிறது, எத்தனை ஆள் வேலை செய்கிறார்கள் என்று. அதே கேள்விகளை இந்த வருடத் தொடக்கத்தில் மறுபடி கேட்டார்கள். எழுபத்தேழு கடை பதில் சொல்லியிருந்தது. மிச்ச நாற்பத்தொன்றுக்கும் நேராகக் கட்டங்கள் வெறுமனே கிடந்தன.

முன்னால் கடைக்கு நூற்றிருபது பேர் சாப்பிட்டார்கள். இப்போது பதில் சொன்ன எழுபத்தேழு கடையில் சராசரி நூற்றுப் பதினைந்து. ‘தொழில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு மீண்டுவிட்டது’ என்று ஜெயபாலன் முதல் பக்கத்துக்கு வாக்கியம்கூட எழுதி வைத்துவிட்டார். தொழில் மீண்டாயிற்று, போனவர்கள் அவர்களாகவே போனார்கள் என்றால், காலியாகக் கிடக்கும் கடைகளை மொத்தமாக ஒரு பெரிய கம்பெனிக்குக் குத்தகை விடுவதற்குச் சங்கத்துக்குத் தடை இருக்காது. அதற்குத்தான் அறிக்கையே.

தினேஸ்வரி காலி வரிசைகளை மட்டும் பிரித்து ஒரு பக்கமாக நிறுத்தினாள். அழிக்குமுன் ஒருமுறை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்தாள். எண்பத்தேழாவது வரிசையில் ‘கலாதேவி, சிலிபின், வாழையிலைச் சாப்பாடு’ என்றிருந்தது. ஒரு நாளைக்குத் தொண்ணூற்றைந்து பேர். பதினாலு கிலோ அரிசி. மூன்று வேலையாட்கள். பக்கத்துக் கட்டம் காலி. ஓரத்தில் யாரோ குறித்திருந்தார்கள்: பதிலளிக்கவில்லை.

அது அவள் அம்மா.

அன்று அவள் எந்த வரிசையையும் அழிக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது மழை பிடித்துக்கொண்டது. ஈப்போவில் நாலு மணிக்கு மேல் சுண்ணாம்பு மலைகள் மறைந்தால், பத்து நிமிடத்தில் தெரு மறைந்துவிடும். சிலிபினில் அடுக்குமாடியின் மூன்றாம் மாடி வீட்டில், கலாதேவி டின் மீனை உடைத்துப் போட்டுச் சம்பல் கிளறிக்கொண்டிருந்தாள். தனியார் கல்லூரி ஒன்றில் துப்புரவு வேலை அவளுக்கு. விடிகாலை போனால் மூன்று மணிக்குத் திரும்புவாள். புருஷன் போன பிறகு மகளை வளர்த்ததும் படிக்க வைத்ததும் அந்த வாழையிலைக் கடைதான். பதினேழு வருடம் நடத்தினாள். கோவிட் கட்டுப்பாடு வந்து, கடையில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்றதும், சோற்றையும் ஏழு வகைக் கறியையும் தனித்தனிப் பையில் கட்டிக் கொடுத்துப் பார்த்தாள். இலைச் சாப்பாட்டைப் பையில் கட்டினால் அது சாப்பாடாக இல்லை. ஆனாலும் ஒரு வருடத்துக்கு மேல் தாக்குப்பிடித்தாள். 2021 ஜூனில் மறுபடி எல்லாம் மூடியபோது அவளும் மூடினாள்.

“அம்மா, ஜனவரியில சங்கத்துலேருந்து ஒனக்குக் கேள்வி எதும் அனுப்புனாங்களா? போன்ல?”

“எனக்கு எவன் அனுப்புவான்? கடைய மூடுன மறுமாசமே வாட்ஸ்அப் குரூப்புலேருந்து தூக்கிட்டானுங்க. ஏன்டி?”

தினேஸ்வரி சொன்னாள். முதலில் மேலோட்டமாகத்தான் சொன்னாள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும், முழுதாகச் சொன்னாள். தொண்ணூற்றாறு என்பதையும் சொன்னாள்.

“பதில் சொல்லலன்னா போட்டுருக்கு?” என்றாள் கலாதேவி.

“ஆமா.”

“கேட்டாத்தானடி சொல்றதுக்கு.”

“அந்த குரூப்புல இருக்கறவங்களுக்குத்தான் கேள்வி போயிருக்கு. மூடுனவங்க யாரும் அதுல இல்ல. அதனால தெறந்திருக்கற கடையோட கணக்கு மட்டும் வந்திருக்கு.”

“இங்க பாரு. பத்துக் கோழி வளக்கறோம். மலைப்பாம்பு வந்து நால முழுங்கிடுச்சு. மிச்ச ஆறும் நல்லா கொழுகொழுன்னு மேயுது. அத மட்டும் நிறுத்துப் பாத்துட்டு, பண்ணைக்கு ஒன்னும் ஆவலன்னு எழுதுவீங்களா? அதுக்குத்தான் காம்பார்ல நாலு வருசம் படிச்சியா?”

“நான் எழுதலம்மா. எழுதச் சொல்றாங்க.”

“எழுதற கை யாரோடது?”

கலாதேவி எழுந்து மகளுக்குச் சோறு போட்டாள். சம்பலில் வழக்கத்தைவிடக் காரம் கூடியிருந்தது. கைகழுவும்போதுதான் கலாதேவி கேட்டாள்: “அந்த நாப்பத்தொரு பேரு லிஸ்டு ஒங்கிட்ட இருக்கா? குடு. பாதிப் பேர எனக்குத் தெரியும். மீதிப் பேர அவங்களுக்குத் தெரியும்.”

அடுத்த நாலு வாரமும் சனி, ஞாயிறுகளில் தாயும் மகளும் பழைய மைவி காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். அறிக்கை கொடுக்க இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. பட்டியலில் இருந்த பாதித் தொலைபேசி எண்கள் செத்துப்போயிருந்தன. கடை இருந்த இடத்துக்குப் போய்ப் பக்கத்தில் விசாரித்து, அங்கிருந்து ஒரு வீட்டுக்கு, அங்கிருந்து இன்னொரு தாமான் குடியிருப்புக்கு என்று தேட வேண்டியிருந்தது. காம்பாரில் மீ கோரேங் நூடுல்ஸ் கடை வைத்திருந்த சாலிஹா, மாணவர்களை வீட்டுக்கு அனுப்பிய வாரத்திலேயே தன் வியாபாரம் முடிந்துவிட்டது என்றாள். இப்போது வீட்டு வாசலில் காலையில் மட்டும் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு கட்டி விற்கிறாள். ஒரு நாளைக்கு நாற்பது பொட்டலம். தினேஸ்வரி அதையும் எழுதிக்கொண்டாள்.

சுங்காயில் தர்மாவைக் கண்டுபிடிக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. நெடுஞ்சாலை ஓரம் ரொட்டிச்சானாய் பரோட்டாக் கடை வைத்திருந்த ஆள். இப்போது எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தில் லோரிக்குக் குலை ஏற்றுகிற வேலை. ரப்பர்ப் பால்மரம் இருந்த காலத்தில் அவன் பிறந்த அதே தோட்டம்தான். மரமும் போய், தொழிலாளர் குடியிருந்த லயமும் போய், கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவே நின்றது. அந்தக் கோயில் சுவரோரம்தான் அவன் குந்தி உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். கையெல்லாம் முள் கீறல்.

“செத்தவன்கிட்ட வந்து எப்புடிச் செத்தேன்னு கேக்கறீங்களா?” என்றான் அவன், தினேஸ்வரி விஷயத்தைச் சொல்லி முடித்ததும்.

“அண்ணே, நாங்க...” என்று அவள் தொடங்கினாள்.

“நீ இரு” என்றாள் கலாதேவி. அவனுக்கு எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்தாள். “தர்மா, என்னத் தெரியுதா? சிலிபின், வாழையிலைக் கடை. சங்கக் கூட்டத்துல வாடகைய ஏத்துனப்ப நீயும் நானுந்தான் சத்தம் போட்டோம்.”

அவன் உற்றுப் பார்த்தான். “அக்கா. எளைச்சிட்டீங்க லா.”

“மொழு மொழுன்னு இருக்க நான் என்ன பால்கோவாவா திங்கறேன்? ஒனக்கு முன்னாடியே நானும் செத்தவதான். சொல்லு, ஏன் மூடுன?”

“ஏன்னா என்னா சொல்றது? கோவிட்டுல பத்துக் கிலோமீட்டரத் தாண்டி ஆளு வரக் கூடாதுன்னு கவருமெண்டுல சொல்லிட்டான். எங்கடைக்கு வந்ததெல்லாம் லோரிக்காரன், பஸ்ஸுக்காரன். பத்துக் கிலோமீட்டருக்குள்ள எனக்கு யாரு இருக்கா? செம்பனதான் இருக்கு. செம்பன ரொட்டி திங்குமா?”

“அப்பறம்?”

“அப்பறம் என்னா. மாவு பெசையற கல்ல வித்தேன். ஒரு நாளு காலையில எந்திரிச்சி, கையி தானா மாவு வீசற மாதிரி ஆடுது. பொண்டாட்டி பாத்துட்டு அழுவறா. அன்னக்கி இந்த வேலக்கி வந்தேன்.” சிகரெட்டை மண்ணில் தேய்த்தான். “இத எழுதி என்னா ஆவப் போவுது? எங்கடைய எவனோ கம்பெனிக்குக் குடுக்கப் போறானுங்களாம். கேள்விப்பட்டேன்.”

“நீ பங்குப் பணத்தத் திருப்பி வாங்குனியா?”

“எந்தப் பணம்?”

“சங்கத்துல சேரறப்ப போட்டோம்ல. பங்கு.”

“அத எவன் குடுத்தான்? நானும் கேக்கல.”

கலாதேவி மகள் பக்கம் திரும்பினாள். “நானும் வாங்கல. சாலிஹாவும் வாங்கலன்னுதான் சொன்னா. தினேஸ், பங்கு வச்சிருக்கறவன் எல்லாம் மெம்பர்தானே?”

“சட்டப் புத்தகத்தப் பாக்கணும்மா.”

“பாரு. இன்னைக்கே பாரு.”

பார்த்தாள். பங்கைத் திரும்பப் பெறாதவரை ஒருவர் அங்கத்தினர்தான், கடை நடத்துகிறாரா என்பது அதில் எங்கும் இல்லை. மறுவாரம் இருவரும் முன்பு பேசியவர்களிடமெல்லாம் மறுபடி ஒருமுறை போனார்கள். இந்தத் தடவை கேள்வி கேட்கப் போகவில்லை. ஆண்டுக் கூட்டம் எந்த ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லப் போனார்கள்.

நாற்பத்தொன்றில் முப்பத்தெட்டுப் பேரைக் கண்டுபிடித்தாயிற்று. இரண்டு பேர் நோயிலேயே போயிருந்தார்கள். ஒருவர் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. தினேஸ்வரி எல்லாக் கட்டங்களையும் நிரப்பிக் கணக்குப் போட்டாள். வீட்டு வாசலில் விற்பவர்களின் நாற்பதும் ஐம்பதும் சங்கத்துக் கடைக்கு வந்த ஆள் இல்லை என்பதால் அவற்றைத் தனியாக வைத்தாள். மூடிய கடைக்குச் சுழியம் போட்டு, நூற்றுப் பதினெட்டுக் கடையிலும் முன்பு சாப்பிட்டவர்களோடு இப்போது சாப்பிடுகிறவர்களை ஒப்பிட்டபோது, நூறுக்கு அறுபத்திரண்டரைதான் வந்தது.

ஆனால் ஒரு விஷயம் அவளுக்குப் பிடிபடவில்லை. திறந்திருக்கும் கடைகளில் சிலதுக்குக் கோவிட்டுக்கு முன்பைவிடக் கூட்டம் கூடியிருந்தது. சிலிபின் வரிசையிலேயே நூஹுவின் கடை அப்படி. முன்பு நூற்று நாற்பது, இப்போது இருநூற்றுப் பத்து. ஜெயபாலன் அதை ‘சாதனை’ என்று பெட்டி கட்டிப் போட்டிருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து கூட்டம் தணிந்த நேரத்தில், அவள் நூஹுவின் கடைக்குப் போனாள். அறுபது வயதிருக்கும் அவருக்கு. கல்லாவில் உட்காராமல், தானே தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார். அவள் அம்மாவின் கடைக்கு அடுத்த கடை அது. இடையில் ஒரு சுவர்தான். சுவருக்கு அந்தப் பக்கம் இழுத்து மூடிய இரும்புக் கதவு மூன்று வருடமாகத் துருவேறிக் கிடந்தது.

“மாமா, ஒங்க கடைக்கு எழுபது பேரு கூட வர்றாங்களே, புதுசா என்ன செஞ்சீங்க?”

நூஹு அவளுக்கு ஒரு கிளாஸை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

“ஒன்னுஞ் செய்யலம்மா. அதே கோழி, அதே குழம்பு. இந்த வரிசையில பதினோரு கடை இருந்துச்சு. இப்ப நாலு. பசிச்சவன் எங்க போவான்? ஒங்கம்மா கடையில சாப்பிட்ட வாத்தியாரு இப்ப இங்கதான் சாப்புடறாரு. ஒவ்வொரு தடவையும் சொல்லிட்டுத்தான் சாப்புடறாரு, கலா ரசம் மாதிரி வராதுன்னு.” சிரிக்கவில்லை அவர். “எங்கடை பொழைக்கலம்மா. பக்கத்துக் கடை போச்சு. அவ்ளோதான்.”

“இத நான் எழுதலாமா?”

வெளியே ஒரு லோரி பின்னால் எடுத்துக்கொண்டிருந்தது. அது திரும்பிப் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

“சங்கத் தலைவரு சதாசிவம் போன வாரம் வந்தாரு. கம்பெனிக்குக் குடுக்கறப்ப, ஒங்கம்மா கடையையும் அதுக்கு அடுத்ததையும் எனக்கு ஒதுக்கித் தர்றேன்னாரு. இடிச்சி ஒன்னாக்கிக்கலாமாம். மகன் அஸ்ஃபாக் ஏற்கெனவே பிளான் போட்டுட்டான்.”

“அப்ப வேணாம் மாமா. ஒங்க பேரு இல்லாம எழுதிக்கறேன்.”

“யோசிச்சிக்கிட்டுத்தான இருக்கேன். அதுக்குள்ள வேணாம்னா எப்புடி?” என்றார் நூஹு. தேநீருக்குக் காசு வாங்கவில்லை.

திங்கட்கிழமை தினேஸ்வரி நூற்றுப் பதினெட்டு வரிசையும் நிரம்பிய அறிக்கையை ஜெயபாலனிடம் கொடுத்தாள். அவர் முழுதும் படித்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டிய மனிதர்.

“வேல நல்லா செஞ்சிருக்க. ஆனா நம்மள இதுக்குக் கூப்புடல” என்றார்.

“கோவிட் கடைங்கள என்ன பண்ணுச்சுன்னு அலசத்தான சார் கூப்புட்டாங்க?”

“அவங்க கேட்டது தெறந்திருக்கற கடைய.”

“ஆஸ்பத்திரியில பொழைச்சி வீட்டுக்குப் போனவங்கள மட்டும் எண்ணிட்டு, எல்லாருக்கும் கொணமாயிருச்சின்னு சொல்ல முடியுமா சார்?”

“தினேஸ், ஒங்கம்மா கடை இதுல இருக்கு. நாளைக்கு எவனாச்சும் அதச் சொல்லி முழு அறிக்கையையும் தூக்கிக் குப்பையில போட்டா?”

“மொதப் பக்கத்துலயே எழுதியிருக்கேன், எண்பத்தேழாவது கடை எங்கம்மாவோடதுன்னு. அத எடுத்துட்டுக் கணக்குப் போட்டாலும் அறுபத்திமூனுதான் வருது. அதயும் போட்டிருக்கேன்.”

ஜெயபாலன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “கூட்டத்துல பழைய அறிக்கதான் போவும். நீ கம்ப்யூட்டர் பக்கத்துல உக்காந்து பக்கத்த மாத்து, போதும்.”

அவள் தன் அறிக்கையை எடுத்துக்கொண்டு மேசைக்குத் திரும்பினாள்.

கூட்டம் ஞாயிறு காலை பதினோரு மணிக்கு. சாப்பாட்டுக் கடைக்காரர்களுக்கு அது அடுப்பு எரிகிற நேரம். வழக்கமாக இருபது பேருக்கு மேல் வர மாட்டார்கள். முப்பது நாற்காலிதான் போட்டு வைத்திருந்தார்கள். பத்தரைக்கே மண்டபத்துக்கு வெளியே மோட்டார் சைக்கிள்களும் கார்களும் வந்து நிற்கத் தொடங்கின. சுங்காயிலிருந்து தர்மா, தோட்டத்து வேனில் ஏழு பேரை ஏற்றி வந்திருந்தான். காம்பாரிலிருந்து சாலிஹா வந்தாள். மூடிய கடைக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை அடுப்பு இல்லை. முப்பத்துமூன்று பேர் வந்துவிட்டார்கள். திறந்த கடைக்காரர்கள் இருபத்திரண்டு பேர். மடக்கு நாற்காலிகளை மேல்மாடியிலிருந்து இறக்க வேண்டியதாயிற்று.

தலைவர் சதாசிவம் கூட்டத்தைப் பார்த்துக் கொஞ்சம் திகைத்துத்தான் போனார். ஆனால் அனுபவசாலி. வரவேற்றுப் பேசிவிட்டு ஜெயபாலனைக் கூப்பிட்டார்.

ஜெயபாலன் மைக்கைப் பிடித்து, “நம்ம தொழிலு நூத்துக்குத் தொண்ணூத்தாறு...” என்று ஆரம்பித்தார். திரையில் வந்தது வேறு. நூற்றுப் பதினெட்டுக் கடைகளின் பெயரும் ஊரும் வரிசையாக, பக்கத்தில் முன்னும் பின்னும். தினேஸ்வரி பக்கத்தை மெதுவாகக் கீழே ஓட்டினாள். ஒவ்வொரு சுழியமும் வரும்போது மண்டபத்தில் எங்கேயோ ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

ஜெயபாலன் திரும்பித் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு மைக்கை மேசையில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். அவர் அதை நிறுத்தச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவள் எழுந்து சொன்னாள். அறுபத்திரண்டரை எப்படி வந்தது என்பதை வரி வரியாகக் காட்டினாள்.

“இது நாம கேட்ட கணக்கு இல்ல” என்றார் சதாசிவம். “கடை இல்லாதவங்க இதுல வர மாட்டாங்க. இங்க ஓட்டுப் போடவும் முடியாது.”

கலாதேவி எழுந்தாள். கையில் சங்கத்தின் சட்டப் புத்தகம். விரல் வைத்த பக்கத்தைத் திறந்து, கண்ணாடி இல்லாமல் தூரத்தில் பிடித்து, தடுக்காமல் படித்தாள். படித்து முடித்ததும், “தலைவரே, என் பங்கு ஒங்ககிட்ட இருக்கு. திருப்பிக் குடுத்துட்டுச் சொல்லுங்க, நான் யாருமில்லன்னு. அதுவரைக்கும் நான் மெம்பரு. இங்க உக்காந்திருக்கற முப்பத்துமூனு பேரும் மெம்பரு. தலைய எண்ணிப் பாருங்க, அதான் கணக்கு” என்றாள்.

“அக்கா, போனவங்க அவங்களா விருப்பப்பட்டுத்தான்...”

“எவன் விருப்பப்பட்டான்?” என்றான் தர்மா, உட்கார்ந்தபடியே. சத்தம்கூடப் போடவில்லை.

அப்போதுதான் பின்வரிசையில் நூஹு எழுந்தார். பக்கத்தில் அஸ்ஃபாக் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான். அவர் கையை விலக்கிவிட்டார்.

“நான் சிலிபின் நூஹு. பழைய அறிக்கையில என் கடைய சாதனைன்னு போட்டிருக்காம். அது சாதனை இல்ல. பக்கத்துக் கடையோட ஆளுங்க. ரெண்டு கடைய எனக்குத் தர்றேன்னாங்க. எனக்கு வேணாம். கடைக்காரங்க திரும்பி வந்தா நல்லது. எனக்கும் கை வலிக்குது.”

கை தூக்கச் சொன்னார்கள். கம்பெனிக்குக் கொடுக்கலாம் என்று பதின்மூன்று கை. கூடாது என்று முப்பத்தொன்பது. மூன்று பேர் இரண்டுக்கும் தூக்கவில்லை. காலிக் கடைகளை ஆறு மாதம் பழைய ஆட்களுக்கே வைத்திருப்பது என்று முடிவாயிற்று. சதாசிவம் அதைத் தன் கையாலேயே குறிப்பேட்டில் எழுதினார். எழுத்து அழகாக இருந்தது.

வாசலில் ஜெயபாலன் தினேஸ்வரிக்காகக் காத்திருந்தார். “திங்கக்கெழம வர வேணாம்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “அறிக்கையில ஒன் பேரு இருக்கும். எடுக்க மாட்டேன்” என்றார். அவள் நன்றி சொன்னாள். இரண்டுக்கும் சேர்த்துத்தான்.

எல்லாரும் திரும்பி வந்துவிட்டார்கள் என்று சொன்னால் அது பொய். முப்பத்தெட்டில் ஒன்பது பேர்தான் கடை கேட்டு எழுதிக் கொடுத்தார்கள். தர்மா கொடுக்கவில்லை. “ஓட்டுப் போட வந்தேன், அது போதும் அக்கா” என்று போனில் சொன்னான். காம்பாரில் சாலிஹா எடுத்தாள். சிலிபினில் கலாதேவியும் இன்னொருவரும் எடுத்தார்கள். துருப்பிடித்த கதவை அறுக்க ஆள் வந்து அரைநாள் ஆயிற்று. உள்ளே எலி, பழைய நாள்காட்டி, கறுத்துப்போன அடுப்பு. தாயும் மகளும் மூன்று நாள் தேய்த்துக் கழுவினார்கள். வேலை தேடிக்கொண்டிருந்த தினேஸ்வரிக்கு அந்த மூன்று நாளும் கையில் நிறைய நேரம் இருந்தது.

புதன்கிழமை திறந்தார்கள். கலாதேவி ஆறு கிலோ அரிசிதான் போட்டாள். முருங்கைக்காய்ச் சாம்பார், நண்டு ரசம், பாகற்காய் வறுவல், கோழிப் பெரட்டல். பன்னிரண்டு மணிக்கு யாரும் வரவில்லை. பன்னிரண்டே காலுக்கு நூஹு கடையில் சாப்பிடுகிற வாத்தியார் சுவரைச் சுற்றி வந்து உட்கார்ந்தார். அப்புறம் ஒரு தபால்காரர். அப்புறம் மழைக்கு ஒதுங்கிய மூன்று பேர், ஒதுங்கிய இடத்தில் சாப்பிட்டார்கள். அப்புறம் ஒருவர் இருவராக இன்னும் ஆறு பேர். மூன்று மணிக்குப் பார்த்தால் சோற்றுப்பானையில் பாதிக்கு மேல் மீதி.

“அம்மா, மொத நாளுதானே. போவப் போவ...” என்று தினேஸ்வரி ஆறுதலாக ஆரம்பித்தாள்.

கலாதேவி ஈரத் துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். முகத்தில் வியர்வையும் அடுப்புச் சிவப்பும்.

“பதினோரு பேரு சாப்ட்டாங்க” என்றாள். “எழுதிக்க. ஒன்னுகூடக் கூட்டிப் போடாத.”